குறுக்குப் பாதையில் ஒரு மிட்வைஃப்

பசறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மிட்வைஃபாக வேலைக்கு வருகிறவள் முதலில் படிக்க வேண்டியது குறுக்குப் பாதைகளை. கர்ப்பிணிப் பதிவேடும் தடுப்பூசி அட்டவணையும் பயிற்சிக் காலத்திலேயே மனப்பாடமாகிவிடும். பாதையை யாரும் சொல்லித் தருவதில்லை. ஸ்டோரடியிலிருந்து மேல் டிவிசனுக்கு லொறி போகும் பாதையில் நடந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். கானைப் பிடித்துக்கொண்டு, தேயிலைக்குள்ளே ஏறும் கல்படிகளில் போனால் அதில் பாதி. எந்தப் படி மழைக்குப் பிறகு வழுக்கும், எந்த லயத்து நாய் கட்டாமல் கிடக்கும், எந்தப் பீலியடியில் நின்று காலில் ஏறிய அட்டைகளைக் கழுவிவிடலாம் என்பதெல்லாம் மாதக்கணக்கில் நடந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

1990களின் பிற்பகுதியில் நான் அந்த வேலைக்குப் போனேன். அம்மா கொழுந்து பறித்தவர். உயர்தரம் படித்து முடித்ததும் வர்த்தமானியில் வந்த அறிவித்தலைப் பார்த்து விண்ணப்பித்தேன். பதினெட்டு மாதப் பயிற்சி. முதல் ஒரு வருடம் தாதியர் பயிற்சிக் கல்லூரியும் ஆஸ்பத்திரி வார்டுகளும், மிச்ச ஆறு மாதம் கிராமம் கிராமமாகக் களப்பயிற்சி. வகுப்பில் பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். அவர்களிடம் நான் பாடத்தைக் கேட்டுப் படித்தேன். தோட்டத்துக்குப் போனால் என்ன பேச வேண்டும் என்று அவர்கள் என்னிடம் கேட்டு, சிங்கள எழுத்தில் தமிழை எழுதி வைத்துக்கொண்டார்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே மடூல்சீமைப் பக்கத் தோட்டங்களில் வருடக்கணக்காக வேலை செய்த ஒருத்தி, கடைசியில் நம் கிழவிகளோடு சண்டை போடும் அளவுக்குத் தமிழ் பேசினாள். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பசறை ஒரு சந்தி. பதுளையிலிருந்து வரும் ஏ5 நெடுஞ்சாலை இங்கிருந்து லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குப் போகிறது. இன்னொரு பாதை மொனராகலைக்கு இறங்குகிறது. தலைக்கு மேலே நமுனுகுலை மலை. பாதைகளின் இரண்டு பக்கமும் தோட்டங்கள், ஒவ்வொரு தோட்டத்திலும் மலைக்கொன்றாகச் சிதறிய டிவிசன்கள், டிவிசனுக்குள்ளே வரிசை வீடுகளாக மேல் லயம், பணிய லயம். சுமார் 3,000 பேருக்கு ஒரு மிட்வைஃப் என்பது அரசாங்கக் கணக்கு. சமவெளியில் அந்த 3,000 பேரும் சைக்கிளில் சுற்றி வரக்கூடிய இரண்டு மூன்று கிராமங்களில் இருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதே 3,000 பேரைப் பார்க்க மூன்று மலை ஏறி இறங்க வேண்டும்.

எல்லை பிரித்து மிட்வைஃப்களை அனுப்பும் இந்த ஏற்பாடு இலங்கைக்கு வந்த கதையைப் பயிற்சியில் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், தாதிமார், ஒவ்வொருத்திக்கும் எல்லை பிரித்துக் கொடுத்த மிட்வைஃப்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திராமல், சுகமாக இருக்கிறவர்களின் வீட்டு வாசலுக்குப் போவதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர். 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்தை ஒட்டித் தாய்மார் இறந்துகொண்டிருந்த நாடு இது. இன்றைக்கு அந்த எண்ணிக்கை நாற்பதுக்கும் கீழே. இந்தப் பக்கத்து நாடுகள் பலவும் வந்து பார்த்துப் படித்துப்போன சாதனை அது. அதில் பெரும்பங்கு நடந்து போன பெண்களுடையது.

ஆனால் தோட்டம் அந்தக் கணக்குக்கு வெளியே இருந்தது. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளர் வைத்தியத்துக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 1912இல் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: தோட்டத்து ஆளின் உடம்பு தோட்டத்துரையின் பொறுப்பு. துரை நல்லவராயிருந்தால் நல்ல டிஸ்பென்சரி இருக்கும். இல்லாவிட்டால் ஒரு போத்தல் மிக்ஸ்சர் எல்லா நோய்க்கும் போதும். 1916ஐ ஒட்டி அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்புக்கு வந்தபோது லயம் லயமாகப் போய் மருந்து கொடுத்தார்கள், கக்கூஸ் கட்டச் சொன்னார்கள். அதுவும் உழைக்கும் உடம்பு சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தோட்டங்களில் வரவேற்கப்பட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, அதற்கும் பிறகுதான் அரசாங்கத்தின் குடும்ப சுகாதார சேவை மெல்ல மெல்ல லயத்துக்குள் கால் வைத்தது. களுத்துறையில் ஒரு தாய்க்கு 1926இல் கிடைத்தது, பசறை மலையில் ஒரு தாய்க்குக் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

நான் வேலைக்குப் போன காலத்தில் சில லயங்களில் என் குடையைத் தூரத்தில் கண்டதுமே மாமியார்கள் மருமகள்களை உள்ளே அனுப்பிவிடுவார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒரு பாட்டி சொன்னார். 1980களில் கருத்தடை ஆபரேஷனுக்கு அரசாங்கம் ஊக்கப்பணம் கொடுத்த காலத்தில், லொறியில் ஏற்றிப் போன பெண்களில் அவருடைய மகளும் ஒருத்தி. என்ன ஆபரேஷன், அதற்குப் பிறகு பிள்ளை பிறக்குமா பிறக்காதா என்று தமிழில் யாரும் உட்கார்ந்து சொல்லாமலேயே போய் வந்தவர்களை நான் பின்னாளில் வேறு இடங்களிலும் சந்தித்தேன். அதனால் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் ஒரு காம்பராவுக்குள் போனால் உட்கார்ந்து, கொடுக்கிற சாயத்தண்ணியைக் குடித்து, ஊசி எதற்கு, மாத்திரை எதற்கு, கையெழுத்து எதற்கு என்று முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பேன். இந்த வேலையில் நம்பிக்கை என்பது மருந்துக்கு முன்னால் கொடுக்க வேண்டியது.

சாயத்தண்ணி என்றதும் இரும்புச்சத்து மாத்திரை ஞாபகம் வருகிறது. எங்கள் தாய்மாரில் இரத்தச்சோகை இல்லாதவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாத்திரை கொடுப்போம், மறுமாதமும் அதே வெளிறிய இமை. விசாரித்தால், காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, மாத்திரையை வாயில் போட்டு, ஒரு கோப்பைத் தேத்தண்ணியால் விழுங்கியிருப்பார்கள். தேயிலையில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் சேரவிடாது. தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பெண்ணிடம் போய், சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதே என்று சொல்வது லேசான காரியமில்லை. விட்டமின் சி மாத்திரையோடு, அல்லது தேசிக்காய்த் தண்ணியோடு, இராத்திரி படுக்கப் போகுமுன் போடச் சொல்வேன். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் மாத்திரை முழுவதும் அடுப்படிக்குப் பின்னால் கிடக்கும்.

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் விட்டத்தில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளை நிறுக்கும் நாள் எனக்குப் பிடித்த நாள். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, தண்ணிக்கு என்று கிலோக் கணக்கில் கழிவு போவதைத் தினமும் பார்க்கிற பெண்கள் அவர்கள். தராசு என்றாலே சந்தேகம். "அம்மா, நல்லாப் பாருங்க, முள்ளு நிக்கல. போன மாசத்தவிட கூடத்தான இருக்கணும், புள்ள நல்லாப் பால் குடிக்குதுங்க" என்று என்னோடு நியாயம் கேட்பார்கள். நான் முள் நிற்கும்வரை காத்திருந்து, அவர்களையே வாசிக்கச் சொல்லி, அவர்கள் கண் முன்னாலேயே பிள்ளையின் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைப்பேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், கோடு பச்சையிலிருந்து கீழே இறங்கியிருப்பதைத் தானே கண்டுபிடித்து, திரிபோஷ சத்துமாப் பக்கட்டைப் பெரிய பிள்ளைகளுக்கும் பங்கு வைத்துவிட்டதாகத் தானே சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

தோட்டத்தில் வைத்தியம் ஏன் நடந்து வர வேண்டும் என்பதற்கு ஒரே காரணம் பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரத்துக்குப் போய், நெறைக்குள் நின்று, சொன்ன கிலோவைப் பறித்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். கிளினிக்குக்குப் பசறைக்குப் போனால் அன்றைய பேர் இல்லை, அதற்கு மேல் பஸ் காசு. ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி காலில் வீக்கத்தோடு மலையில் நின்றுகொண்டிருப்பாள். "நாளைக்குக் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போ தங்கச்சி" என்றால், "சம்பளம் போட்டதும் போறேங்கம்மா" என்பாள். அதில் அறியாமை இல்லை. அவள் சரியாகக் கணக்குப் பார்க்கிறாள். அதனால் நான் மடுவத்துக்குப் போவேன். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதே ஒரு ஓரத்தில் வைத்துப் பிரஷர் பார்ப்பேன், இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்கச் சொல்லிக் கால் வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்ப்பேன். பிரஷர் ஏறியிருந்தால் கணக்கப்பிள்ளையிடம் நானே போய், இந்தப் பிள்ளை இப்போதே போக வேண்டும், பேரை என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் மனிதர்கள் நல்லவர்கள்தான். கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் தோட்டத்துப் பெண்ணுக்கும் பொருந்தும். ஆனால் நான் வேலை செய்த காலத்தின் பெரும்பகுதியில், முதல் இரண்டு பிள்ளைக்கு 84 நாள், மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் என்றுதான் லீவு. மூன்றாவது பிள்ளைக்குத் தாய்ப்பால் பாதி போதும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ஆறு வாரத்தில் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போன தாய்மாருக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகும், காய்ச்சல் வரும். பிள்ளைக்காம்பரா ஆயாக்களோடு பேசி, பத்து மணிக்கும் மத்தியானத்துக்கும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக வழி செய்தோம். கிட்டடி மலையில் வேலை கொடுக்கச் சொல்லி ஒவ்வொருத்திக்காகவும் கெஞ்ச வேண்டியிருந்தது. 2018இல் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள் என்று வந்த செய்தியை நான் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனேன். தீபாவளிக்குச் சேலை கொடுத்தால் வரும் முகம் அன்றைக்கு அவர்களுக்கு.

ஒரு மார்கழி மழையிரவை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வடகீழ்ப் பருவ மழைதான் பெரிய மழை. மண் ஊறிப் போனால் எந்தப் பாதை எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை வந்து லயங்களை மூடியதை நாடே அறியும். நான் சொல்வது அதற்குப் பல வருடம் முந்திய ஒரு இரவு. இரண்டு பொடியன்கள் டோர்ச்சோடு வந்து கதவைத் தட்டினார்கள். மேல் லயத்தில் வலி எடுத்துவிட்டது, லொறிப் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. நான் பையை எடுத்துக்கொண்டு கல்படியில் ஏறினேன். தண்ணி படியிலேயே ஆறாக ஓடியது.

காம்பராவில் அந்தத் தோட்டத்துப் பழைய மருத்துவச்சி உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். அந்த டிவிசனில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவர். பயிற்சியில் எங்களுக்கு இந்தக் கிழவிகளைப் பற்றி எச்சரிக்கைதான் அதிகம் சொன்னார்கள். கொடியை அறுக்கும் பிளேடு சுத்தமில்லாததால் எத்தனை சிசுக்கள் ஏற்புவலியில் போயின என்பது உண்மை. கர்ப்பிணிகளுக்கு ஏற்பூசி போடத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சாவு நின்றது. ஆனால் அன்றைக்கு அவர் என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார். "வா புள்ள. தண்ணி கொதிக்குது, துணி வெயில்ல காஞ்சது. தல தெரியுது" என்றார். தேவையானதை மட்டும் சொன்னார், ஒரு சொல் கூடுதலில்லை.

பிள்ளை நன்றாகப் பிறந்தது. பெண் குழந்தை, உடனே அழுதது. நச்சுக்கொடியும் முழுதாக வந்தது, விரித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் இரத்தம் நிற்கவில்லை. மூன்றாவது பிரசவம், ஏற்கெனவே இரத்தச்சோகை உள்ள உடம்பு, கருப்பை தளர்ந்து கிடந்தது. பிரசவத்தில் தாயைக் கொல்வதில் முதலாவது இதுதான், சில மணித்தியாலங்களே போதும். வயிற்றின் மேல் கையை வைத்துக் கருப்பையைத் தேய்த்துக்கொண்டேயிருந்தேன். கையில் உருண்டையாக இறுகும், கையை எடுத்தால் தளரும். சிறுநீர் தேங்கியிருந்தால் கருப்பை சுருங்காது என்பதால் அதைப் போக வைத்தோம். பிள்ளையை மார்பில் போடச் சொன்னேன். பிள்ளை சப்பினால் தாயின் உடம்பிலேயே கருப்பையைச் சுருக்கும் ஓமோன் சுரக்கும். மருத்துவச்சி பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, தாய் கண்ணை மூடவிடாமல் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்.

இரண்டு மூங்கில் கம்புக்கு நடுவில் கம்பளியைக் கட்டி, லயத்து ஆண்கள் மாறி மாறித் தோள் கொடுத்து இறக்கினார்கள். நான் பக்கவாட்டில் நடந்துகொண்டே வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. மண்சரிவுக்கு அந்தப் பக்கம் கொழுந்து லொறி வந்து நின்றது. டிரைவர் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் பிள்ளைக்குக் கொடுத்தார். பசறை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, அம்புலன்ஸில் பதுளைக்கு அனுப்பினார்கள். அங்கே இரத்தம் கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்து வீடு வந்தார்கள். பிரசவமான முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. நான் அந்த வீட்டுக்கு விதியைவிட அதிகமாகப் போனேன். ஒவ்வொரு தடவையும் மருத்துவச்சிக் கிழவியும் அங்கே வந்திருந்தார்.

வைத்தியத் தொழிலைக் கொண்டாட வேண்டும் என்று சொல்கிறபோது நம் ஆட்கள் வெள்ளைக் கோட்டைத்தான் நினைக்கிறார்கள். நான் அந்த டிரைவரையும் நினைக்கிறேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் வருடக்கணக்காக ஒற்றை ஆளாக இருந்து, இராத்திரி கதவு தட்டினால் சாரத்தோடு எழுந்து வந்த 'டொக்டர் ஐயா'வை நினைக்கிறேன். தண்ணித் தாங்கிக்குள் இறங்கிப் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தடுப்பூசிப் பெட்டியின் ஐஸ் உருகிவிடுமோ என்று வெயிலில் ஓடி வரும் தாதிச் சகோதரி, மூக்கு ஒழுகும் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கும் பிள்ளைக்காம்பரா ஆயா. இலங்கையில் கடைசியாகப் போலியோ கண்டது 1993இல். மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழ் தந்தது. தாயிடமிருந்து சிசுவுக்கு எச்ஐவியும் சிபிலிசும் தொற்றுவதை நிறுத்தியதற்கு 2019இல் தந்தது. அந்தச் சான்றிதழ்களை வாங்க மேடைக்குப் போனவர்கள் பெரியவர்கள். மடுவத்தில் நின்று ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் இரத்தம் பரிசோதித்தாயா என்று கேட்டவர்கள் இவர்கள்.

இன்றைக்கு எவ்வளவோ மாறிவிட்டது. 2016இல் இந்தியாவின் உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் எங்கள் ஊவா மாகாணத்துக்கும் வந்துவிட்டது. இளம் மிட்வைஃப்கள் ஸ்கூட்டியில் போகிறார்கள். ஆனால் 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடு நின்றபோது, அவர்கள் ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டுக் கல்படியில்தான் ஏறினார்கள். திரிபோஷ கிடைக்காத மாதங்களில் பயறையும் முருங்கைக் கீரையையும் வைத்துச் சமையல் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் சிலர் அந்தப் பாதைகளை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

தமிழ் பேசும் மிட்வைஃப்கள் ஊவாத் தோட்டங்களுக்கு இன்னும் போதாது. வர்த்தமானியில் அறிவித்தல் வருகிறபோது பசறை, லுணுகலை, மடூல்சீமைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நானே தேடிப் போய்ச் சொல்கிறேன். விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். ஆசிரியை வேலைக்குத்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள், அது தப்பில்லை. போன தடவை தெரிவான ஒரு பிள்ளை, கொழுந்து பறிக்கிறவரின் மகள், பயிற்சிக்குப் போகுமுன் அம்மாவோடு வந்தாள். சம்பளத்தைப் பற்றி, இடமாற்றத்தைப் பற்றி எல்லாம் தாய் கேட்டு முடித்த பிறகு, மகள் மெதுவாக, "களத்துக்கு என்ன செருப்புங்க நல்லது?" என்றாள். பின்வார் உள்ள ரப்பர் செருப்பு வாங்கு, அடிப்பாகம் வெட்டு வெட்டாக இருக்க வேண்டும் என்றேன். மழைக்காலத்தில் முழங்கால் வரைக்கும் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு போ, அட்டை ஏறாது. பையில் ஒரு சின்ன டப்பாவில் உப்பு வைத்துக்கொள். குடை ஒற்றை மடிப்புக் குடையாக இருக்கட்டும், மூன்று மடிப்புக் குடை நமுனுகுலைக் காற்றுக்கு நிற்காது. பதிவேட்டைப் பொலித்தீனில் சுற்று. அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.